ஓட்டையை மகள்தான் கண்டுபிடித்தாள்

பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம்; வயது 15, 13. மாதம் 20ஆம் தேதி தாண்டினால் காசில்லாமல் கையைப் பிசைவேன். சாப்பாட்டுச் செலவுதான் காரணமென்று அதையே இறுக்கிப் பிடித்தேன். வளரும் வயசு, அது எங்கே குறையும்!

ஒருநாள் வெறுத்துப்போய்க் கணக்கு நோட்டை மூத்தவளிடம் கொடுத்துவிட்டேன். வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, பென்சிலால் வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே வந்தவள், "அம்மா, இந்த அல்ஜீப்ரா கோர்ஸ் முடிச்சே ஆறு மாசமாச்சு. இன்னும் காசு போகுதே?" என்றாள். சும்மா பார்க்கலாமென்று இலவசமாகச் சேர்ந்த இன்னும் இரண்டு கோர்ஸ்களும் தானாகவே புதுப்பித்துக் காசை எடுத்துக்கொண்டிருந்தன. மூன்றையும் அன்றே நிறுத்தினோம்.

தேர்வுக் கட்டணம், புத்தகம் என்று வருஷத்துக்கு ஒருமுறை வருவதைக் கூட்டி, 12ஆல் வகுத்து, மாதாமாதம் தனியே எடுத்து வைக்கிறோம். பிரிண்டர் மைச் செலவுதான் இன்னும் அடங்கவில்லை. சின்னவன் எல்லாவற்றையும் கலரில்தான் எடுக்கிறான்.