கொக்கின் தலைக்குப் பின்னால் ஒரு குச்சி

எங்கள் புகைப்படக் கிளப் போட்டியின் நேச்சர் (இயற்கை) பிரிவுக்கு எடுத்து வைத்த கொக்குப் படத்தில் ஒரே தொல்லை, தலைக்குப் பின்னால் பளிச்சென்று நின்ற காய்ந்த குச்சி. குளோன் செய்து, அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே ஒட்டி, அழிக்க வழியில்லை. எஃப்ஐஏபி, பிஎஸ்ஏ, ஆர்பிஎஸ் என்ற மூன்று புகைப்பட அமைப்புகளும் 2015-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொது வரையறைதான் எங்கள் கிளப்பிலும்: காட்சியில் இருந்ததை நீக்கக் கூடாது. சென்சார் தூசி, நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) போன்று கேமரா சேர்த்ததை எடுக்கலாம், ஓரங்களை வெட்டி கிராப் செய்யலாம். நல்ல விதிதான், நான் அதன் பக்கம்.

அதனால் எடிட்டிங்கில் குச்சியை மட்டும் தனியாகத் தேர்ந்து மாஸ்க் போட்டு, அதன் பளிச்சென்ற பகுதியை (ஹைலைட்) குறைத்தேன், கொஞ்சம் பர்ன் செய்தேன், அதாவது இருட்டாக்கினேன். குச்சி அங்கேயே இருக்கிறது, ஆனால் கண்ணை இழுப்பதில்லை. கொக்கின் கண்ணை லேசாக டாட்ஜ் செய்தேன், அதாவது வெளிச்சமாக்கினேன். இறகு வெளுக்காமல் நின்றதற்குக் காரணம், எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக) குறைத்து, கேமராவின் பதப்படுத்தாத RAW கோப்பாக எடுத்ததுதான். வெளுத்துப்போன வெள்ளையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

இப்போதெல்லாம் வியூஃபைண்டரில் குச்சி தெரிந்தால், ஓரடி நகர்ந்துவிட்டு அப்புறம்தான் ஷட்டரை அழுத்துகிறேன்.