முதியோர் ஓய்வூதியம்: விண்ணப்பம் முதல் பணம் கைக்கு வரும் வரை

என் அத்தைக்கு 68 வயது. பிள்ளைகள் இல்லை. செங்கல் சூளையிலும் பிறகு நூறு நாள் வேலையிலும் உழைத்துத் தேய்ந்த கைகள். அவருக்கு முதியோர் ஓய்வூதியம் வாங்கித் தர நான் அலைந்தபோது, விண்ணப்பமும் ஆணையும் பெரிய சிரமம் தரவில்லை. ஆணை கைக்கு வந்த பிறகுதான் நான்கு மாதம் தவித்தோம். அதனால் மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நின்று பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் இந்தத் தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை வெறும் 200 ரூபாய்தான். 80 ஆனால் 500. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 200 ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

முதல் படி: தாள்கள்

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம். அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். சொத்து மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. புறப்படும் முன் மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பாவின் முழுப்பெயரே வந்திருக்கும். வயதையும் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த முடியும் என்பதால், சரியான சான்று இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: இ-சேவை மையம்

தனியார் கணினிக் கடைகளைவிட, கூட்டுறவுச் சங்கத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ உள்ள இ-சேவை மையத்தையே நான் சொல்வேன். கட்டணத்துக்கு ரசீது கிடைக்கும். தவறு நேர்ந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை அன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: விசாரணை

விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வி.ஏ.ஓ. வரும் நாளில் பெரியவர் வீட்டில் இருக்கட்டும். தாமதமானால் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் சொல்லலாம்; திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

நான்காம் படி: பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

நாங்கள் சிக்கியது இங்கேதான். ஆணை வந்தது. மாதம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. கணக்குப் புத்தகத்தில் வரவே இல்லை. வங்கியில் கேட்டால், “ஆதார் இணைத்தாயிற்று, எங்களிடம் கோளாறு இல்லை” என்றார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால், “மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது” என்றார்கள். இரண்டு பதிலும் உண்மை என்பது பிறகுதான் விளங்கியது.

கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒரு வேலை. அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அதைத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (வங்கிகளுக்கிடையே பணம் போக வழி செய்யும் என்.பி.சி.ஐ.) பட்டியலில் ஏற்றுவது வேறு வேலை. ஓர் ஆதார் எண்ணுக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எது ஏற்றப்பட்டதோ அதுதான். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் அங்கேதான் போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள் என்பதை அது பார்க்காது. நூறு நாள் வேலைக் கூலிக்காக அத்தை என்றோ தொடங்கி மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில் நான்கு மாதப் பணமும் தூங்கிக் கிடந்தது. அத்தனை நாளும் அவர் எங்கள் வீட்டில் பால் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ‘மை ஆதார்’ இணையதளத்தில், கைபேசிக்கு வரும் கடவுச்சொல் எண் (ஓ.டி.பி.) பெற்று உள்ளே போய், வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். வேறு வங்கியின் பெயர் வந்தால் முதலில் அங்கே போய்ப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்ற விரும்பினால், வேண்டிய வங்கியில் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவத்தை வாங்குங்கள். ‘ஏற்கெனவே உள்ள வங்கியிலிருந்து மாற்ற’ என்ற பகுதியில் பழைய வங்கியின் பெயரை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இடச் சொல்லுங்கள். அந்தப் பகுதியைக் காலியாக விட்டதால்தான் எங்கள் முதல் படிவம் வீணானது. சில நாள் கழித்து மீண்டும் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

ஆதாரில் கைபேசி எண் இல்லாவிட்டால் கடவுச்சொல் எண் வராது. தபால்காரர் வீட்டுக்கே வந்து எண்ணைச் சேர்த்துத் தருவார்; அஞ்சலகத்தில் கேளுங்கள்.

பணம் எடுப்பது பற்றி: ஊருக்கு வரும் வங்கி முகவரின் கைரேகைக் கருவி அத்தையின் விரல்களை ஏற்கவே இல்லை. முகவரை மட்டும் நம்பி இருக்காமல், நடக்கும் தூரத்தில் கிளை உள்ள வங்கியில் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். முகவரிடம் எடுத்தால் அச்சுச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். 1,200 என்றால் 1,200 முழுதாகக் கைக்கு வர வேண்டும்.

பின்சேர்க்கை 1: “மாமியாருக்கு ஓய்வூதியம் வந்தால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?” என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அந்தக் காரணத்துக்காக நிற்காது. ஓய்வூதியம் பெறுபவரால்தான் உரிமைத் தொகை பெற முடியாது. அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் பெறலாம் என்று 2023லேயே விதி தளர்த்தப்பட்டது.

பின்சேர்க்கை 2: அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், வேறு உதவி ஏதும் கிடைக்குமா என்று எழுதியிருந்தார். 75 விழுக்காடோ அதற்கு மேலோ கடும் பாதிப்பு என்று மருத்துவச் சான்று இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 விழுக்காடு போதும். இதையும் முதியோர் ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. அந்தச் சான்று கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் முதலில் இந்த அலுவலகத்துக்கே போங்கள். 800 ரூபாய் வித்தியாசம் படுக்கையில் இருப்பவருக்கு அந்த மாதத்துக்கான துணியும் மருந்தும் ஆகும்.