வியர்வை கொட்டினால் பவர் வந்துவிடாது

அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இடம் பிடிக்க நினைக்கும் பையன்கள் சீசன் முடிந்ததும் பவருக்காக, அதாவது விசையைச் சட்டென்று இறக்கும் திறனுக்காக, எங்கள் ஜிம்முக்கு வருவார்கள். அவர்கள் பயிற்சியில் செய்யும் தவறுகள், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். வார்ம் அப் செய், முதுகை வளைக்காதே என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

பெஞ்ச் பிரஸ் பைத்தியம்

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். புது வீரர்களைச் சோதிக்கும் கம்பைன் முகாமில் 225 பவுண்டை, அதாவது சுமார் 102 கிலோவை, மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணுவதால் வந்த வினை. 20, 30 ரெப் (முறை) என்று போனால் அது தாக்குப்பிடிக்கும் சக்தி, பவர் இல்லை. முன்வரிசையில் மோதும் லைன்மேன் யாரும் மல்லாந்து படுத்து எதிராளியைத் தள்ளுவதில்லை. அந்தத் தள்ளு காலிலும் இடுப்பிலும் தொடங்குகிறது.

பவர் பயிற்சியில் மூச்சு வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தசை தன் முழு விசையைத் திரட்ட 0.3 நொடிக்கு மேலேயே ஆகும். முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் இருப்பதோ சுமார் 0.1 நொடி. அதற்குள் எவ்வளவு விசையை இறக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே பவர் கிளீன் (பளுக் கம்பியைத் தரையிலிருந்து தோள்வரை ஒரே வீச்சில் தூக்குவது), தாவல் எல்லாம் களைப்பில்லாமல் செய்ய வேண்டியவை: செட்டுக்கு (ஒரு சுற்றுக்கு) 3 ரெப், நடுவே 2, 3 நிமிட ஓய்வு.

அந்த ஓய்வுதான் இவர்களுக்கு ஆகாது. லைன்பேக்கராக, அதாவது தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால், ஆடும் பையன் ஒருவன் 15 ரெப் கிளீனை அரை நிமிட இடைவெளியில் அடித்துக்கொண்டிருந்தான். கடைசி செட்களில் இடுப்பு வேலையே செய்யவில்லை, பாரைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். “செம வொர்க்கவுட் கோச்!” என்றான் வேறு. ஆட்டத்தில் மூச்சு வாங்காதா என்று கேட்பார்கள். வாங்கும். ஆனால் ஒரு பிளே (ஒரு முறை பந்தை எடுத்து ஆடுவது) சில நொடிதான், அடுத்ததைத் தொடங்க 40 நொடி கடிகாரம் இருக்கிறது. கண்டிஷனிங் (மூச்சு தாங்கும் பயிற்சி) வேண்டுமானால் கடைசியில் தனியாக ஓடுங்கள்.

‘கஷ்டமாக இருந்தால்தான் பயிற்சி’ என்ற எண்ணம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அணி விடுமுறை முடிந்து திரும்பியதும் நேரம் வைத்து 100 ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது) செய்தது. தசை சிதையும் ராப்டோமயோலிசிஸ் வந்து 13 வீரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

ஸ்குவாட் மட்டும் போதும் என்பது

தொடக்கத்தில் போதும். பலம் ஏறினாலே தாவலும் ஏறும். அப்புறம் ஒரு கட்டத்தில் ஸ்குவாட் கூடும், 10 கஜ ஓட்ட நேரம் அப்படியே நிற்கும். அப்போது ஸ்பிரிண்டும் தாவலும் சேருங்கள்.

சீசனில் பளுவை மறப்பது

வாரம் ஒரு நாளாவது கனமாகத் தூக்குங்கள்.

உடல் எடை ஏற்றும் அவசரம்

10 கஜ ஓட்ட நேரம் கெட்டால் எடை ஏற்றுவதை நிறுத்துங்கள்.