ஹைடாடிட் கட்டியை ஸ்கேனில் அடையாளம் காண்பது எப்படி?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்ததுமே 'சாதாரண நீர்க்கட்டி' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிற இளம் டாக்டர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் வளரும் நீர் நிறைந்த கட்டிதான் ஹைடாடிட். அது பெரும்பாலும் கல்லீரலில்தான் வளரும். அடுத்தபடி நுரையீரல். பல வருடம் வலியே இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்க வருபவரிடம்தான் நான் இதை அதிகம் பார்க்கிறேன்.

முதலில் கட்டியின் சுவரைப் பாருங்கள். தோலுக்குப் பக்கத்தில் இருந்தால், வளைந்த ப்ரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் கருவி) வைத்துவிட்டு, நேரான முகமுள்ள லீனியர் ப்ரோபை எடுங்கள். சாதாரண நீர்க்கட்டிக்குச் சுவரே கண்ணுக்குத் தெரியாது. ஹைடாடிட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே மெல்லிய கறுப்புக் கோடு.

அப்புறம் நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்லுங்கள். ப்ரோபை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். அடியில் படிந்திருந்த வெள்ளைத் துகள்கள் கிளம்பி, பனித்தூவல் போல மெல்ல இறங்கும். இதுதான் ஹைடாடிட் மணல். புழுவின் இளம் தலைகள் அதில் கலந்திருக்கும். அவசரத்தில் புரட்டாமல் விட்டால் இது கண்ணில் படாது.

சரி, ஹைடாடிட்தான் என்று தெரிந்துவிட்டது. இனி எந்த நிலை என்று சொல்ல வேண்டும். வைத்தியமே அதைப் பொறுத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த பிரிவு இது: ('சிஇ' என்பது இந்த நோயின் ஆங்கிலப் பெயரான சிஸ்டிக் எக்கினோகாக்கோசிஸின் சுருக்கம்.) உள்ளே அறையில்லாத ஒற்றைக் கட்டி சிஇ1. தேன்கூடு மாதிரி சேய்க்கட்டிகள், அதாவது பெரிய கட்டிக்குள் முளைக்கும் சிறு கட்டிகள், நிறைந்திருந்தால் சிஇ2. உள்சவ்வு கழன்று நீரில் மிதந்தால் சிஇ3ஏ. கெட்டியான பகுதிக்குள் சேய்க்கட்டிகள் இருந்தால் சிஇ3பி. சேய்க்கட்டியே இல்லாமல் நூல்பந்து போல இருப்பது சிஇ4. சுவரில் கால்சியம் தடித்து, பின்னால் நிழல் விழுந்தால் சிஇ5. கடைசி இரண்டும் செயலிழந்தவை. தொந்தரவு இல்லாதவரை பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். சிஇ1, சிஇ3ஏ இரண்டும் 5 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை மட்டுமே போதும். சிஇ2, சிஇ3பி மாத்திரைக்கு எளிதில் மசியாது. ஆகவே ரிப்போர்ட்டில் நிலை, அளவு, எண்ணிக்கை, பித்தக்குழாய்க்கு எவ்வளவு பக்கம் என்று நான்கையும் எழுதுங்கள்.

நுரையீரலிலும் கட்டி இருக்கலாம் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். கால்சியத்தைக் காட்ட சிடி நல்லது. உள்ளே இருக்கும் நீரையும் சவ்வையும் காட்ட எம்ஆர்ஐதான் என் தேர்வு. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதற்காக ஹைடாடிட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் தீர என்று ஊசி குத்திப் பார்க்கவே வேண்டாம். திரவம் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம், புதிய கட்டிகளும் முளைக்கலாம்.

மாத்திரையால் சிஇ4 ஆன கட்டி சில சமயம் மறுபடி உயிர்பெற்று சிஇ3பி ஆகும். அவர்களைச் சில வருடங்களாவது விடாமல் ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்கள்.