பிள்ளை நிறத்தைப் பற்றி ஏதும் சொல்லிவிட்டால்: வன்னியிலிருந்து இங்கிலாந்து வரும் குடும்பங்களுக்கு

பள்ளி விடுமுறைக்குப் பரந்தனுக்கு வந்திருக்கிறேன். விசா கிடைத்த குடும்பங்கள் மாறி மாறி வீட்டுக்கு வருகின்றன. எத்தனை கிலோ கொண்டுபோகலாம், மிளகாய்த்தூளை விமான நிலையத்தில் பறிப்பார்களா, குளிர் அங்கியை வவுனியாவில் வாங்குவதா அங்கே போய் வாங்குவதா என்று எல்லாம் கேட்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் "இங்கிலீசு தெரியாதே, சமாளிப்பானா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் இங்கிலீசைத் தாய் தகப்பனுக்கு முன்னம் பிடித்துவிடுவார்கள், அதை விடுங்கள். நான் சொல்லவருவது வேறு. என் தங்கச்சி குடும்பம் அதில் பட்டது போதும், இன்னொரு குடும்பம் படக்கூடாது.

முதலில் சேர்க்கும் வேலை. வருடத்தின் நடுவில் போய் இறங்கினால் நீங்கள் இருக்கும் இடத்துக் கவுன்சிலின் (உள்ளூராட்சி சபையின்) இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில பள்ளிகள் நேரடியாகவும் எடுக்கும். வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பாஸ்போர்ட் இரண்டையும் கையில் வைத்திருங்கள். நான்கு வயது முடிந்த பிள்ளைக்கு அடுத்து வரும் செப்டெம்பரில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷன். அதற்கு அந்த வருடம் ஜனவரி 15க்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். ரிசெப்ஷனோடு சேர்த்து முதல் மூன்று வகுப்புக்கும் மதியச் சாப்பாடு இலவசம். சரி, இவ்வளவும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

யாரும் சொல்லாதது இதுதான். எங்கள் ஊரில் நிறம் என்பது கூப்பிடும் பெயர். எந்த ஒழுங்கைக்குப் போனாலும் ஒரு கறுவல், ஒரு கறுப்பி, ஒரு வெள்ளையன் இருப்பார்கள். அம்மம்மா பேரனைத் தூக்கி "என்ர கறுவல் குஞ்சு" என்று கொஞ்சுவார். பிறந்த பிள்ளையைப் பார்க்க வருபவர்கள் முதலில் நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் நிறையைக் கேட்பார்கள். "வெயிலுக்கை நிண்டு கறுக்காதை" என்பது ஒவ்வொரு பெண்பிள்ளையும் கேட்டு வளர்ந்தது. இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் பிள்ளை விமானம் ஏறுகிறது. போய் உட்காரும் வகுப்பில் நைஜீரியா, கானா, சோமாலியா, போலந்து, வங்காளதேசம் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில். பார்த்ததைச் சொல்லும், வீட்டில் கேட்டதைச் சொல்லும்.

தங்கச்சியின் மகனுக்கு அப்போது ஏழு வயது. தங்கள் முகத்தைத் தாங்களே கீறும் பாடம். பக்கத்தில் இருந்த கானாப் பிள்ளையிடம் கறுப்புப் பஸ்டலை எடுத்துக் கொடுத்து, "நீ கறுப்பு, இதால் கீறு" என்று இங்கிலீசில் சொல்லியிருக்கிறான். தனக்கு இளஞ்சிவப்பை எடுத்துக்கொண்டான். இவனும் அந்தப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே நிறம். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது.

பள்ளி செய்ததைச் சொல்கிறேன். ஆசிரியை இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஏன் அழுகிறாள் என்று இவனுக்கு விளக்கினார். இவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு முழு வகுப்புக்கும் தோலின் நிறங்களைப் பற்றி ஒரு கதை வாசித்தார்கள். அடுத்த நாள் இரண்டு பேரும் ஒன்றாக ஓடித் திரிந்தார்கள். அப்புறம் நடந்ததைக் கணினியில் இனரீதியான சம்பவம் என்று பதிந்து, இரண்டு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்தார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையை இப்படி எழுதுவதா என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பதிவு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1993 ஏப்ரல் 22ஆம் திகதி தென்கிழக்கு லண்டனில், எல்தம் என்ற இடத்தில், பஸ்ஸுக்காக நின்ற ஸ்டீவன் லோரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். பொலிஸ் ஒழுங்காக விசாரிக்கவில்லை. தாய் தகப்பன் வருடக்கணக்கில் போராடிய பிறகு 1999இல் அந்தப் பொலிஸ் விசாரணையை ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ ஒன்றை இனவாதமாக உணர்ந்தால் அதை இனவாதச் சம்பவமாகவே எடுத்துப் பதிய வேண்டும் என்று அது சொன்னது. பள்ளிகளும் பதிய வேண்டும் என்றது. முறைப்பாட்டை எடுக்காத பொலிஸ் எப்படியிருக்கும் என்று வன்னியில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. பதிவது நல்ல காரணத்துக்காக வந்த பழக்கம். பிள்ளை வேண்டுமென்று சொன்னதா என்பது அதற்குப் பிறகு பார்க்கும் விஷயம். பதிந்துவிட்டார்கள் என்பதால் பிள்ளை குற்றவாளி ஆகிவிடவில்லை. இங்கிலாந்தில் 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைமேல் குற்றவழக்கே போட முடியாது. பள்ளியிலிருந்து இடைநிறுத்துவது தலைமை ஆசிரியர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவு, சின்னப் பிள்ளை தெரியாமல் சொன்ன ஒரு சொல்லுக்கு அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

ஆக, அந்த வாரத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனது பெற்றோர் சந்திப்பில். கவனமாக வாசியுங்கள்.

ஊரில் ஆசிரியர் கூப்பிட்டுக் குறை சொன்னால் தகப்பன் என்ன சொல்வார்? "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ சேர்." அது ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதை. தங்கச்சியின் கணவர் அதே மரியாதையோடுதான் போயிருந்தார். இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல், உடுப்பை மாற்றிக்கொண்டு போனவர். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "வீட்டுக்குப் போய் நன்றாக அடிப்பேன், இனிமேல் சொல்லமாட்டான்" என்று உறுதி கொடுத்தார். பிள்ளைக்கு விரல் படாத மனிதர் அவர்.

அந்த ஒரு வசனத்தோடு பேச்சு நிறத்தை விட்டுப் போய்விட்டது. ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருக்கலாம் என்று காதில் விழுந்தால், பிள்ளைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அங்கே ஒவ்வொரு ஊழியருக்கும் கட்டாயம். ஆசிரியையைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த நாள் பிள்ளையைத் தனியே இருத்தி வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டார்கள். அம்மா அகப்பைக்காம்பால் அடிப்பா என்றான். அது உண்மை. ஊரில் எந்த அம்மா அகப்பைக்காம்பு எடுக்கவில்லை? கவுன்சிலில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சோஷல் சேர்விஸ்காரர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று பார்த்தார்கள், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கும் இந்த மதிப்பீட்டுக்கு அவர்களுக்கு 45 வேலை நாள் வரை இருக்கிறது. முடிந்த பிறகும் ஆதரவு என்ற பெயரில் சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்புக்கும் வேலையில் ஒரு நாள் சம்பளம் போனது. தங்கச்சி இரவில் நித்திரையில்லாமல் எனக்கு ரெலிபோன் எடுத்து, "முள்ளிவாய்க்காலாலை கொண்டுவந்த பிள்ளையள் மாதிரி இவனையும் பொத்திப் பொத்தி வளக்கிறன், என்னட்டை இருந்து பறிச்சுப்போடுவினமோ" என்று அழுவாள். மருமகன் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். எனக்கு அதுதான் பெரிய நட்டம். கடைசியில் ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். ஆனால் வீடு மாறியபோது பள்ளி வைத்திருந்த பிள்ளைப் பாதுகாப்புக் கோப்பும் புதுப் பள்ளிக்குப் போனது. அப்படி அனுப்ப வேண்டும் என்பது விதி.

ஸ்கொட்லாந்தில் 2020இலிருந்தும் வேல்ஸில் 2022இலிருந்தும் பிள்ளைக்கு அடிப்பது முழுதாகத் தடை. இங்கிலாந்தில் சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் அடையாளம் விழ அடித்தால் அங்கேயும் குற்றம். அகப்பைக்காம்பைச் சமையலுக்கு மட்டும் எடுங்கள்.

பள்ளி கூப்பிட்டால் இப்படிப் போங்கள். இங்கிலீசு போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னமே கேளுங்கள். மூத்த பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். உள்ளே போனதும் முதலில் அந்த மற்றப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன சொல் எது, அதற்கு முன்னம் என்ன நடந்தது, அது யார் காதில் விழுந்தது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் நிறத்தைச் சொல்லிக் கொஞ்சுவோம், பிள்ளை அதைத்தான் சொல்லியிருக்கிறான், அது ஏன் நோகும் என்று விளக்குவோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்தான். ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். விளங்காததற்கு ஆட்டிய தலையும் ஒப்புக்கொண்டதாகவே எழுதப்படும். என்ன பதிந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பிள்ளை வேண்டுமென்று சொல்லவில்லை என்ற குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். தண்டனை பற்றி நீங்களாக வாய் திறக்கவே வேண்டாம்.

வீட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அம்மம்மாவின் 'கறுவல் குஞ்சு' ஒரு ரகம். ரெலிபோனில் பெரியவர்கள் கறுப்பினப் பஸ் சாரதியையும் பக்கத்து வீட்டாரையும் 'காப்பிலி' என்று சொல்வது வேறு ரகம். அது இழிவு, சொல்பவருக்கும் தெரியும். சிங்களவன் எங்களைப் 'பறத் தமிழன்' என்றபோது கொதித்த சனம், போன இடத்தில் இன்னொருவரைப் பார்த்து இதைச் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை அதைக் கொண்டுபோய் வகுப்பில் சொன்னால் தெரியாமல் சொன்னது என்று வாதாட உங்களுக்கு வாய் வராது.

இன்னொன்று. உங்கள் பிள்ளையையும் 'பாக்கி' (Paki, எங்களைப் போன்ற தென்னாசியரை இழிவாகச் சொல்லும் சொல்) என்பார்கள், சாப்பாடு மணக்கிறது என்று மூக்கைப் பொத்துவார்கள். வந்த இடத்தில் ஏன் வம்பு என்று பேசாமல் இருக்காதீர்கள். அதே பதிவு உங்கள் பிள்ளைக்காகவும்தான் இருக்கிறது. அன்றைக்கே வகுப்பாசிரியருக்கு இமெயில் போடுங்கள். நடந்த நாள், சொல்லப்பட்ட சொல், பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் எழுதி, இனரீதியான சம்பவமாகப் பதியும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால் தலைமை ஆசிரியருக்கு, அதற்கும் வராவிட்டால் பள்ளியை மேற்பார்வை செய்யும் ஆளுநர் சபைக்கு (governors). அனுப்பியதையெல்லாம் அழிக்காமல் வைத்திருங்கள்.