ட்ரவுட் சீண்டாத பொய் இரையில் திலாப்பியா

என் பிஸ்கட் டின்னில் பதினொரு பொய் இரைகள் கிடந்தன. தேக்கரண்டியை அறுத்துத் தேய்த்தவை கொஞ்சம், சேவல் கழுத்து இறகைக் கட்டியவை மீதி. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் இரண்டு சீசன் வீசிப் பார்த்தேன். ஒரு ட்ரவுட்கூடத் தொடவில்லை. 1880களில் துரைமார் கொண்டுவந்து விட்ட மீன், துரைமார் குணம்தான் அதற்கும். தெளிந்த தண்ணீரில் நம் நிழல் விழுந்தாலே ஓடிவிடும்.

அதே இரைகளைக் கொஞ்சம் மாற்றி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போட்டபோது திலாப்பியா எடுத்தது. 1952இல் இலங்கைக்கு வந்த இந்த மீனுக்குப் பாசி, புழு, பாண் துண்டு எல்லாம் ஒன்றுதான். ஆனால் வாய் சின்னது. பெரிய இரையைத் துரத்திப் பிடிக்கிற பழக்கமும் இல்லை. ஆகவே இரையைச் சின்னதாக்க வேண்டும், மெதுவாக இழுக்க வேண்டும், கூடவே ஒரு வாசனையும் சேர்க்க வேண்டும்.

தேவையானவை: குறடு, 10ஆம் நம்பர் தூண்டில் முள் (நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும், கடையில் குழம்பாதீர்கள்), ஆறு பவுண்ட் இழுவை தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), ரிஜிஃபோம் (தெர்மோகோல்) துண்டு, மண்புழு.

முதலில் கரண்டி இரை. அதன் வாலில் இருக்கிற மூன்று கொக்கி முள்ளைக் குறடால் கழற்றி விடுங்கள். கரண்டி இனி மீனைப் பிடிக்கப் போவதில்லை, மினுக்கி மீனைக் கூப்பிட மட்டும்தான். முள் இருந்த வளையத்தில் ஒரு சாண் தங்கூசியைக் கட்டி, மறுநுனியில் சின்ன முள்ளைக் கட்டுங்கள்.

இந்த முடிச்சில்தான் புதியவர்கள் மீனை விடுவார்கள். தங்கூசியை முள்ளின் காதுக்குள் விட்டு, நுனியை நூலோடு ஐந்து சுற்று சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். நுனியை அதற்குள் விட்டு, எச்சில் தடவி, மெல்ல இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடாகி நைலான் பலமிழக்கும். நான் எச்சில் தடவ மறந்த அன்றைக்குத்தான் நல்ல மீன் அறுத்துக்கொண்டு போனது. அப்புறம் முள்ளில் அரை அங்குலப் புழு கோர்த்தால் போதும். நீளமாகத் தொங்கவிட்டால் நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும்.

இறகு இரை சுலபம். முள்ளைத் தாண்டி நீளும் இறகைக் கத்தரித்து, முள் நுனியில் ஒரு துண்டுப் புழு குத்துங்கள். அரை மீட்டர் மேலே ரிஜிஃபோம் மிதவை. முள் பெரிதாக இருந்தால் அந்த இரையை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டாம், இறகைப் பிரித்துச் சின்ன முள்ளில் கட்டிவிடுங்கள்.

விடியற்காலையில் போய்க் குளிரில் நடுங்க வேண்டாம். திலாப்பியா வெப்பம் விரும்பி. பத்து மணிக்கு மேல், வெயில் விழுகிற ஆழமில்லாத கரைதான் அதற்குப் பிடித்த இடம். அணைக்கட்டுப் பக்கமும் தடைப் பலகை உள்ள இடமும் வேண்டாம். ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலோடு போகவே கூடாது. மழை பெய்திருந்தால் காலுக்குக் கொஞ்சம் உப்பு தேய்த்துக்கொள்ளுங்கள், புல்லில் அட்டை காத்திருக்கும்.

கரண்டியை வீசி, அது ஆடுவது தெரிகிற அளவு மெதுவாக இழுங்கள், நடுவில் நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் புழு கீழே இறங்கும், அநேகமாகக் கடியும் அப்போதுதான். இறகு இரையின் மிதவை இரண்டு தரம் நடுங்கினால் சும்மா இருங்கள். சாய்ந்து பக்கவாட்டில் ஓடத் தொடங்கியதும் மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்துவிடும்.

மீனைக் கழற்றும்போது தலையிலிருந்து வால் பக்கமாகக் கையை வழித்து, முதுகுச் செட்டையை அமர்த்திப் பிடியுங்கள். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் அந்தச் செட்டை முள் உள்ளங்கையில் ஏறிவிடும்.