"ஓடிப்போய்த் தூக்குவேன்" என்று சொல்லாதீர்கள்: நேர்முகத்தில் விடுகிற பிழைகள்

"சேர், நான் ஓடிப்போய் அவரைத் தூக்குவேன்."

வேலை தேடுபவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் நான் நடத்தும், வேலையிடப் பாதுகாப்புப் பற்றிய மாதிரி நேர்முகம் ஒன்றில் ஒரு தம்பி சொன்ன பதில் இது. மீன் பதப்படுத்தும் இடம், நிலமெல்லாம் ஈரம், கூட வேலை செய்பவருக்குக் கரண்ட் அடித்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தேன். தம்பி நல்ல மனசுக்காரன். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் நிலத்தில் இரண்டு பேர் கிடப்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும். முதலில் மெயின் சுவிட்சை ஓஃப் செய்யவேண்டும், அதற்குப் பிறகுதான் ஆளைத் தொடலாம். கிட்ட ஓடி வருபவர்களைக் கத்தி மறித்து, 1990 அம்புலன்சுக்கு ஒருவரை அழைக்கச் சொல்லி, மூச்சில்லை என்றால் முதலுதவி பழகியவர் நெஞ்சை அமுக்கத் தொடங்கவேண்டும். பிறகு மேற்பார்வையாளருக்குச் சொல்லி, பார்த்துத் திருத்தும்வரை அந்த மெஷினை ஒருவரும் திருப்பிப் போடாமல் காக்கவேண்டும்.

துணிச்சலைக் காட்டப்போய் இந்த ஒழுங்கைத் தவறவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. எது முதலில், எது பிறகு, யாருக்குச் சொல்வீர்கள் என்பதைத்தான் எதிரே இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது, பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், கையுறை என்று தொடங்கி அதோடு நிறுத்திவிடுவது. அவை கடைசியில் வருபவை. தண்ணீர்த் தாங்கிக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும் என்று வையுங்கள். மேலே ஏறாமல் கீழேயே வைத்து அடிக்க வழியுண்டா என்று முதலில் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் ஏறி நின்று வேலை செய்ய, கைபிடியோடு உறுதியான சாரம். அதற்கும் பிறகுதான் பாதுகாப்புப் பட்டியும் ஹெல்மெட்டும். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தெரிந்திருப்பது நல்லது, ஆனால் சாரம் ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் அது கை கொடுக்காது.

நேர்மையைப் பற்றிய கேள்விதான் எங்கள் பிள்ளைகளைக் கூடுதலாகத் தடுமாற வைக்கிறது. "தீயணைப்புக் கருவியைப் பார்க்காமலே, பார்த்ததாக அட்டையில் கையெழுத்து வைக்கச் சொல்கிறார் முகாமையாளர். என்ன செய்வீர்கள்?" பாதிப்பேர் "பெரியவர் சொன்னால் வைப்பேன்" என்கிறார்கள். மற்றவர்கள் "உடனே பொலிசுக்குப் போவேன்" என்கிறார்கள். முதல் பதில் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே பல வேலைகள் யாரோ ஒருவர் சொல்லித்தான் கிடைக்கின்றன. அந்த முகாமையாளர் அப்பாவோடு படித்தவராக இருப்பார், கோயிலில் காண்பவராக இருப்பார். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று மனம் கூசும்.

மரியாதையை விடாமலே மறுக்கலாம். "சேர், ஒரு பத்து நிமிசம் தாங்கோ, பார்த்துவிட்டே வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். உலர் தூள் கருவி என்றால் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அப்போதும் வற்புறுத்தினால், பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது என்று சொல்லி, அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். திகதியோடு ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்குள் ஒருவரும் கேட்காதபோதுதான் தொழில் திணைக்களம். நேர்முகத்தில் இந்தப் படிகளை இதே ஒழுங்கில் சொன்னால் போதும்.

"எனக்கு அப்படி அனுபவம் ஒன்றும் இல்லை" என்று கையை விரிப்பதும் பிழைதான். ஒரு தங்கச்சி அப்படித்தான் சொன்னார். துருவிக் கேட்டபோது, மாமியின் சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் விடிய காஸ் மணம் வந்ததாம். லைற் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே எடுத்திருக்கிறார். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தேங்கும், ஒரு சின்னப் பொறி போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிட நல்ல அனுபவம் என்ன வேண்டும்? கிணற்று மோட்டார், திருவிழா ஜெனரேட்டர், அப்பாவின் கராஜ் என்று உங்களிடமும் ஒன்று இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

முன்பு வேலை செய்த இடத்தில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும், ஆளின் பெயரையும் கொம்பனியின் பெயரையும் இழுக்காதீர்கள்.

கடைசியில் "நீங்கள் ஏதும் கேட்க இருக்கிறதா?" என்பார்கள். "இல்லை சேர்" என்று எழும்பிவிடாதீர்கள். விபத்து ஒன்று மயிரிழையில் தப்பினால் இங்கே யாரிடம், எப்படி அறிவிக்கவேண்டும் என்று கேளுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள், அதனால் அவர்கள் சொல்லும் பதிலையும் கவனமாகக் கேளுங்கள்.